‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’: அந்தப் பண்ணையில் எல்லோரும் ஏன் தனியாக இருக்கிறார்கள்?

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது பெரும்பாலும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். இரண்டு நண்பர்களின் கதை, நட்பு உயர்ந்தது, தனிமை கொடியது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் இதை நம்பி நாவலைத் திறக்கும் மாணவர் முதல் பத்துப் பக்கத்திலேயே குழம்பிவிடுகிறார். உயர்ந்த நண்பன் என்று நாம் சொன்ன ஜார்ஜ், லென்னியைத் திட்டிக்கொண்டே இருக்கிறான். நீ இல்லாவிட்டால் நான் எவ்வளவு நிம்மதியாக இருப்பேன் தெரியுமா என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறான். தனிமையில் வாடுகிறவர்கள் என்று நாம் சொன்ன ஆட்களோ, ஒரே அறையில் வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள்.

அப்படியானால் இதில் நட்பு எங்கே இருக்கிறது, தனிமை எங்கே இருக்கிறது? மாணவர்களோடு இந்த நாவலை வாசிக்கும்போதெல்லாம் நான் சந்தித்த கேள்வி இது. புத்தகத்தை இன்னும் தொடாதவருக்கும் புரியும்படி இங்கே எழுதிப் பார்க்கிறேன். கதையின் முடிவை மட்டும் சொல்லப்போவதில்லை.

## தனியாக இருப்பது வேறு

தமிழில் ‘தனிமை’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைமைகளுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் டீ போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதுவும் தனிமைதான். ஆனால் இதில் வலி இல்லை, சுகம்கூட இருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் திரும்பி வருவார்கள், “சாப்பிட்டியா?” என்று கேட்பார்கள்.

இப்போது கல்லூரி விடுதியின் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். மெஸ்ஸில் இருநூறு பேர். தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். நேற்று நீங்கள் சாப்பிட வரவில்லை, அது யாருக்கும் தெரியாது. நாளைக்கு வராவிட்டாலும் தெரியாது. இதற்கும் தனிமை என்றே பெயர். ஸ்டைன்பெக் எழுதியது இந்த இரண்டாவது தனிமையை.

இந்தக் கட்டுரையில் ‘தனிமை’ என்று வரும் இடத்தில் எல்லாம் இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: சுற்றிலும் ஆட்கள் இருந்தும், நாம் இருக்கிறோமா இல்லையா என்பது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லாத நிலை.

## அந்த ஊர், அந்தக் காலம்

கதை நடப்பது 1930களின் கலிஃபோர்னியாவில். நாவல் 1937இல் வந்தது. முதல் வரியிலேயே சொலிடாட் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அது கற்பனை ஊர் இல்லை, சலினாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உண்மையாகவே இருக்கும் ஊர். ஸ்பானிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தனிமை என்றே பொருள். ஸ்டைன்பெக் 1902இல் அதே பள்ளத்தாக்கில் இருக்கும் சலினாஸ் நகரில் பிறந்தவர். இளம் வயதில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வேலையும் பார்த்திருக்கிறார்.

அப்போது அமெரிக்காவில் பெருமந்தம் நிலவியது. 1929இல் பங்குச்சந்தை சரிந்ததைத் தொடர்ந்து ஆலைகளும் வங்கிகளும் மூடப்பட்டு, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீடித்த பொருளாதார முடக்கத்துக்கு அந்தப் பெயர். 1933 வாக்கில் வேலை செய்யக்கூடிய நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை.

இங்கே ஒரு தவறான தகவலைத் திருத்த வேண்டும். ஜார்ஜும் லென்னியும் புழுதிப் புயலால் நிலம் இழந்து ஒக்லஹோமா பக்கமிருந்து ஓடி வந்தவர்கள் என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். அது ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலின் குடும்பம். இந்த இருவரும் கலிஃபோர்னியாக்காரர்கள்தான், ஆபர்ன் என்ற ஊரில் பிறந்தவர்கள் என்று ஜார்ஜே சொல்கிறான். இவர்கள் அதற்கும் முன்பிருந்தே அங்கே இருந்த இன்னொரு வகை: கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அறுவடைக்கு அறுவடை பண்ணை மாறும், குடும்பம் இல்லாத ஆண்கள். இவர்களை நாடோடிக் கூலிகள் என்று அழைக்கலாம். குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் பசி இருந்தது, ஆனால் குடும்பமும் கூடவே இருந்தது. நாடோடிக் கூலியிடம் சுருட்டிய கம்பளி மட்டும்தான். இரண்டையும் ஒன்றாக்கினால் நாவலின் அடிப்படையே கலங்கிவிடும்.

## தனிமை எப்படி உற்பத்தி ஆகிறது

கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் இதுதான் நாவலின் அச்சாணி. அந்தப் பண்ணையில் தனிமை என்பது சில பேருடைய சோக சுபாவம் இல்லை. வேலை நடக்கும் முறையே அதை உண்டாக்குகிறது.

ஜார்ஜுக்கும் லென்னிக்கும் வேலை கிடைத்தது ஓர் ஆள்பிடிக்கும் ஏஜென்சி வழியாக. சீட்டைக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். சம்பளம் மாதம் 50 டாலர். தங்குவதற்கு ‘பங்க் ஹவுஸ்’, அதாவது கூலிகளுக்கான நீளமான கொட்டகை அறை. ஆளுக்கொரு படுக்கை. அதன் தலைமாட்டில் ஆணி அடித்து மாட்டிய ஓர் ஆப்பிள் பெட்டி. ஒரு மனிதனின் மொத்தச் சொத்தும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ஜார்ஜ் தன் படுக்கைக்கு வந்ததும் பெட்டியில் ஒரு பூச்சிமருந்து டப்பா இருப்பதைப் பார்க்கிறான். இதில் முன்பு படுத்தவன் யார், ஏன் போனான் என்று கேட்கிறான். ஒரு கொல்லன் இருந்தான், ரொம்பச் சுத்தக்காரன், ஒருநாள் கிளம்பிப் போய்விட்டான் என்கிறார் பண்ணையைக் கூட்டிப் பெருக்கும் கிழவர் கேண்டி. அவ்வளவுதான். ஒருவன் போன இடத்தில் இன்னொருவன் படுக்கிறான். ரயில் பெட்டியில் இருக்கை மாறுவதுபோல.

மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ஊருக்குப் போய்ச் செலவழித்துவிடுகிறார்கள். மறுபடி பூஜ்யம், மறுபடி இன்னொரு பண்ணை. இந்தச் சுழலில் யாரோடும் ஒட்டுவதற்கு நேரம் இல்லை, ஒட்டிக்கொண்டால் லாபமும் இல்லை. அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து வந்ததைப் பார்த்ததும் முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. லென்னிக்காக ஜார்ஜே பதில் சொல்வதைக் கவனித்துவிட்டு, இவன் கூலியை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறார். ஒருவன் இன்னொருவனுக்காக இவ்வளவு சிரமப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. பண்ணையில் எல்லோரும் மதிக்கும் கோவேறு கழுதை வண்டிக்காரர் ஸ்லிம்கூட ஆச்சரியப்படுகிறார். ஒருவேளை உலகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் கண்டு பயமோ என்னவோ என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, வேகமாகப் படித்தால் நழுவிவிடும். விட் என்ற இளைஞன் ஒரு மலிவுக் கதைப் பத்திரிகையை எடுத்து வந்து, அதில் வெளியான வாசகர் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறான். எழுதியவன் முன்பு அதே பண்ணையில் வேலை பார்த்தவன். ஒரு சாதாரண ரசிகர் கடிதம், அவ்வளவுதான். ஆனால் அந்த இதழை அவர்கள் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் கேட்டும் விட் கையிலிருந்து கொடுக்க மறுக்கிறான். நம்மோடு படுத்து எழுந்த ஒருவன் உண்மையிலேயே இருந்தான் என்பதற்கு அச்சில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது, அதை எப்படிக் கைவிடுவது?

இதுவரை பார்த்தது: ஆட்களை எளிதாக மாற்றிக்கொள்ளும் வேலைமுறை, ஒட்டுறவு வளர நேரம் தராத வாழ்க்கை. இரண்டும் சேர்ந்து, கூட்டமாக வாழ்பவர்களைத் தனித்தனி ஆட்களாக்குகின்றன. ஜார்ஜ் சும்மா இருக்கும்போதெல்லாம் மேஜையில் சீட்டைப் பரப்பி சாலிடேர் ஆடுவதைக் கவனியுங்கள். அது ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டம்.

## அந்த நட்பு எப்படிப்பட்டது

லென்னி உடலால் மிகப் பெரியவன், பலசாலி, ஆனால் நேற்றுச் சொன்னது இன்று நினைவில் நிற்காது. அவனுடைய குறை என்ன என்று நாவல் பெயர் வைத்துச் சொல்வதில்லை. நாமும் வைக்க வேண்டாம். மெத்தென்று எதைப் பார்த்தாலும் தடவ வேண்டும் என்பது அவன் ஆசை. தன் கையின் பலம் அவனுக்கே தெரியாது. வந்த வினை எல்லாம் இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான்.

ஜார்ஜ் இவனை ஏன் கூடவே வைத்திருக்கிறான்? இரக்கம் என்று சொல்லிவிடலாம், ஆனால் ஜார்ஜ் ஸ்லிமிடம் சொல்லும் ஒரு பழைய கதை வேறு ஒன்றைக் காட்டுகிறது. முன்பெல்லாம் நண்பர்களைச் சிரிக்கவைக்க லென்னியைக் கேலிப்பொருளாக்கி வந்தவன்தான் ஜார்ஜ். ஒருநாள் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் நிற்கும்போது ‘குதி’ என்றான். நீச்சல் தெரியாத லென்னி குதித்துவிட்டான். மூழ்கப்போனவனை எப்படியோ இழுத்துப் போட்டார்கள். கரையேறிய லென்னி, காப்பாற்றியதற்காக ஜார்ஜுக்கு நன்றி சொன்னான். குதிக்கச் சொன்னதே ஜார்ஜ்தான் என்பதை மறந்தே போனான். அன்றிலிருந்து ஜார்ஜ் அந்த விளையாட்டை விட்டுவிட்டான். இந்த நட்பின் அடியில் கிடப்பது ஒரு வெட்கம். திட்டுவதையும் பார்த்துக்கொள்வதையும் ஒரே மனிதன் ஏன் செய்கிறான் என்பது இந்த இடத்தில் விளங்க ஆரம்பிக்கும்.

அப்புறம் அந்தக் கதை. ராத்திரி தூங்கும் முன் குழந்தை பாட்டியிடம், கேட்ட கதையையே மறுபடி கேட்குமே, ஒரு வரி மாறினாலும் திருத்துமே, அதுபோல லென்னி கேட்கிறான். ஜார்ஜ் சொல்கிறான்: பத்து ஏக்கர் நிலம், சின்ன வீடு, கோழிகள், பழமரங்கள், லென்னி வளர்க்கப்போகும் முயல்கள். நம்மைப்போல் பண்ணை வேலை செய்பவர்களைப் போலத் தனியாட்கள் உலகத்தில் கிடையாது, ஆனால் நாம் அப்படி இல்லை என்று தொடங்குவான். அடுத்த வரியை லென்னி சந்தோஷத்தோடு முடிப்பான்: ஏனென்றால் எனக்கு நீ இருக்கிறாய், உனக்கு நான் இருக்கிறேன்.

இந்த நாவலின் நட்பை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: இரண்டு பேருக்குப் பொதுவாக ‘நாளை’ என்று ஒன்று இருப்பது. மற்றவர்களுக்கு இந்த மாதச் சம்பளம் வரைதான் காலம். இந்த இருவருக்கு மட்டும் அதைத் தாண்டி ஒரு வாக்கியம் இருக்கிறது, அதைச் சேர்ந்து சொல்ல ஆளும் இருக்கிறது.

## 600 டாலர் கணக்கு

கனவு கனவு என்று எழுதி, இது ஏதோ ஆகாயக்கோட்டை என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறோம். நாவலில் அதற்கு விலை உண்டு. ஜார்ஜ் மனதில் வைத்திருக்கும் இடம் 600 டாலர். ஒருவன் ஒரு காசும் செலவழிக்காமல் ஒரு வருடம் உழைத்தால் சேரும் தொகை. கதை தொடங்கும்போது இருவரிடமும் சேர்த்து இருப்பது 10 டாலர்.

அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய கேண்டி, தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அவரிடம் 300 டாலர் இருக்கிறது, மாதக் கடைசியில் இன்னும் 50 வரும். அதோடு ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் செலவழிக்காமல் இருந்தால் 100. மொத்தம் 450. மீதியைப் பிறகு கட்டலாம். சொல்லிக்கொண்டே வந்த ஜார்ஜ் சட்டென்று நின்றுவிடுகிறான். இத்தனை வருடம் தானே நம்பாமல் சொல்லி வந்த கதை நடக்கக்கூடியதாகிவிட்டது.

கேண்டியிடம் இருப்பதில் 250 டாலர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பண்ணை வேலையில் அவர் ஒரு கையை இழந்தபோது கொடுத்த நஷ்டஈடு. வாழ்நாள் முழுக்க உழைத்த கூலி அந்தக் கிழவருக்கு ஒரு துண்டு நிலத்தை வாங்கித் தரவில்லை. போன கைதான் அதற்கு வழி காட்டுகிறது. இதை ஸ்டைன்பெக் எந்த ஆவேசமும் இல்லாமல் பேச்சுவாக்கில் எழுதிவிட்டுப் போகிறார். வகுப்பில் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே போவேன்.

## குரூக்ஸின் அறை

நாவலில் ஆறு பகுதிகள். நான்காவது பகுதியை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டுக்கொள்வேன்.

குரூக்ஸ் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்பவர். ஒரு குதிரை உதைத்ததில் முதுகு வளைந்தவர். பண்ணையின் ஒரே கறுப்பினத்தவர், அதனால் பங்க் ஹவுஸுக்குள் அவரை விடுவதில்லை. லாயத்தை ஒட்டிய சேணம் வைக்கும் அறையில் தனியே வாழ்கிறார். அங்கே கிழிந்துபோன ஓர் அகராதி இருக்கிறது, 1905ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா குடிமைச் சட்டத் தொகுப்பும் இருக்கிறது. காகிதத்தில் தனக்கு உள்ள உரிமைகளைத் தெரிந்துவைத்திருக்கும் மனிதர்.

சனிக்கிழமை ராத்திரி, எல்லோரும் ஊருக்குப் போயிருக்க, லென்னி அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். முதலில் விரட்டும் குரூக்ஸ் பிறகு உட்காரச் சொல்கிறார். அதற்கப்புறம் நடப்பதுதான் முக்கியம். ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று லென்னியைக் குத்திக் குத்திக் கேட்கிறார். அவன் பயப்படப் பயப்பட அவருக்கு ஒரு திருப்தி. லென்னி கோபமாக எழுந்து வந்த பிறகே அடங்குகிறார்.

நல்லவர்தானே, ஏன் இப்படிச் செய்கிறார் என்று மாணவர்கள் அதிர்ச்சியடைவார்கள். தனிமைப்பட்டவர்கள் மென்மையானவர்களாக இருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பதால் வரும் அதிர்ச்சி அது. வெகுநாள் கட்டிப்போட்ட நாய் அவிழ்த்துவிட்டதும் வாலாட்டுவதற்கு முன் பல்லைக் காட்டும் இல்லையா? தன்னைவிடப் பலவீனமான ஒருவன் கிடைத்ததும், தான் தினமும் அனுபவிக்கும் வலியை அவனுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிறார் குரூக்ஸ்.

உடனே தன் நிலையையும் அவரே விளக்குகிறார். தனியாக இருப்பவன் ஏதோ ஒன்றைப் பார்க்கிறான், அது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. திரும்பி இன்னொருவனிடம் நீயும் பார்த்தாயா என்று கேட்க முடியாது. அளந்து பார்க்க அவனிடம் எதுவும் இல்லை. நம் வீட்டில் கரண்ட் போனால் உடனே வெளியே எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டிலும் போய்விட்டதா என்று பார்ப்போமே, அதுபோலத்தான். பக்கத்து வீடே இல்லாதவனுக்கு, இருட்டு ஊரில் வந்ததா தன் கண்ணில் வந்ததா என்பதே புரியாது. தனிமை என்ன செய்யும் என்று கேட்டால் நான் இந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

பிறகு கேண்டியும் வருகிறார். அதே பண்ணையில் எத்தனையோ காலமாக இருந்தும் குரூக்ஸின் அறைக்குள் அவர் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. நிலம் பற்றிப் பேச்சு வருகிறது. உங்களைப்போல் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துவிட்டேன், ஒருவனுக்கும் கிடைத்ததில்லை என்கிறார் குரூக்ஸ். ஆனால் பணம் ஏறக்குறையச் சேர்ந்துவிட்டது என்று கேட்டதும் குரல் மாறுகிறது. கூலி வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும், நானும் வந்து வேலை செய்கிறேன் என்கிறார். அவருடைய அப்பாவுக்கும் ஒரு காலத்தில் சுமார் பத்து ஏக்கரில் கோழிப்பண்ணை இருந்தது. ஜார்ஜின் கனவு குரூக்ஸுக்கு ஞாபகம்.

சில நிமிடங்கள்தான். முதலாளியின் மகன் கர்லியின் மனைவி உள்ளே வருகிறாள். குரூக்ஸ் அவளை வெளியே போகச் சொன்னதும், நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிடுவார்கள் என்கிறாள். அந்தக் காலத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை. குரூக்ஸ் சுருங்கிப்போகிறார். பிறகு கேண்டியைக் கூப்பிட்டு, நான் வருவதாகச் சொன்னது விளையாட்டுக்கு, மறந்துவிடுங்கள் என்கிறார்.

சுருக்கமாக: ஒதுக்கப்பட்டவர்கள் ஒரே அறையில் கூடியும் ஒன்றுசேர முடியவில்லை. ஒவ்வொருவரும் தனக்குக் கீழே ஓர் ஆளைத் தேடுகிறார்கள்.

## பெயரில்லாத பெண்

முதலாளியின் மகன் கர்லி, அவனுடைய மனைவி. நாவல் முழுக்க அவளுக்குப் பெயர் கிடையாது. ஆண்கள் அவளை வம்பு என்று ஒதுக்குகிறார்கள், மாணவர்களும் வில்லி என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் நாவல் நாடகமானபோது அந்தப் பாத்திரத்தில் நடித்த கிளேர் லூஸுக்கு ஸ்டைன்பெக் எழுதிய கடிதத்தில், அவள் நல்ல பெண், அவள் கட்டிவைத்திருக்கும் அரண்களைத் தாண்டிப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துப்போகும் என்ற பொருளில் சொல்கிறார்.

அவள் லென்னியிடம் மனம் திறக்கும் பகுதியை இரண்டு பேர் சேர்ந்து சத்தமாக வாசித்துப் பாருங்கள். சினிமாவில் சேர்ப்பதாகச் சொன்னவனின் கடிதம் வரவே இல்லை என்று அவள் சொல்வாள். லென்னி முயலைப் பற்றிச் சொல்வான். இரண்டு பேரும் பேசுகிறார்கள், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறவில்லை. ஆனாலும் இருவருக்கும் அந்த நேரம் நிம்மதியாக இருக்கிறது.

## வாசிக்கத் தொடங்கும் முன்

தலைப்பு ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. உழும்போது கலப்பையில் பட்டு ஒரு சுண்டெலியின் கூடு கலைந்துவிடுகிறது. எலியானாலும் மனிதனானாலும் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் தவறிப்போகிறது என்று அதனிடம் பேசும் கவிதை. ஸ்டைன்பெக் முதலில் வைத்திருந்த தலைப்பு ‘நடந்த ஒன்று’ என்ற பொருளில் இருந்தது. யாரையும் குற்றவாளியாக்காத தலைப்பு.

மேடையில் அப்படியே நடிக்கலாம் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட நாவல் இது. வெளிவந்த அதே 1937இல் நியூயார்க்கில் நாடகமாகவும் அரங்கேறியது. அதனால் ஒவ்வொரு பகுதியும் ஓர் இடத்தைக் காட்டி, பிறகு ஆட்களை உள்ளே கொண்டுவரும். முழுக்கதையும் வியாழன் சாயங்காலம் தொடங்கி ஞாயிறு சாயங்காலத்தில் முடிந்துவிடும். பாத்திரங்கள் பேசும் ஆங்கிலம் கொச்சையானது, உச்சரிப்புப்படியே எழுதியிருக்கும். கண்ணால் படித்தால் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் புரியும். குரூக்ஸை மற்றவர்கள் அழைக்கும் இனவெறிச் சொல் பலமுறை வரும். அதைப் பற்றி ஆசிரியர் முன்கூட்டியே மாணவர்களிடம் பேசிவிடுவது நல்லது.

மூன்றாம் பகுதியில் கேண்டியின் கிழட்டு நாயைச் சுட கார்ல்சன் என்பவன் வெளியே கூட்டிப்போவான். துப்பாக்கிச் சத்தத்துக்காக அறையில் எல்லோரும் காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். பிறகு கேண்டி ஜார்ஜிடம் ஒன்று சொல்வார்: என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும், இன்னொருவனை விட்டிருக்கக் கூடாது. பென்சிலால் அதன் அடியில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

நாவலின் கடைசி வாக்கியத்தைப் பேசுவதும் அதே கார்ல்சன்தான். சேர்ந்து நடந்து போகும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்று பக்கத்தில் நிற்பவனைக் கேட்கிறான். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. புத்தகத்தை மூடியதும் கார்ல்சனுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள்.